அறிவித்தல் பெறுஞ் செயலியை அமைக்கும் முறை

(பழைய மாணவர் ஒருவர்)

கல்லூரி விடுதியில் வாழ்ந்தோர் எவரும் ஒரு காட்சியை மறந்திரார். வீட்டிலிருந்து வருங் கடிதத்தையும் காசுக்கட்டளையையும் எதிர்நோக்கியிருக்கும் மாணவன் ஒருவன், இடைவேளைதோறும் காரியாலயத்து வாயிலிற் சென்று நின்று, "எனக்குக் கடிதம் உண்டோ?" என வினவுவான். இல்லை என்னும் விடையுடன் மீள்வான். அடுத்த இடைவேளையில் மறுபடியுஞ் செல்வான். இவ்வாறு பத்து மாணவர் செய்யின் அவர்தம் படிப்புங் கெடும். எழுதுவினைஞரின் வேலையுங் கெடும். இதனை உணர்ந்த விடுதி மேற்பார்வையாளர், கடிதம் வந்தாற் சேவகர் கொணர்ந்து தருவாரென்றும், அதுவரை எவரும் வரவேண்டாவென்றும் விதித்துவிடுவார். அன்றுதொட்டு மாணவன் வினவுவதில்லை. சேவகர் வந்து கதவைத் தட்டுவார்.

இன்றைய கைத்தொலைபேசியினுள்ளும் இவ்விரு முறைகளும் உள்ளன. பின்னைய முறையிலே செய்தி பெறுஞ் செயலி ஒன்றை அமைக்கும் வகையை, இந்த யூபிலி மலரை வாசிக்கும் இளம் மாணவர் பொருட்டுப் படிப்படியாகக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நிரல் எழுதும் அடிப்படையை ஓரளவு அறிந்தோர்க்கு இதனைப் பின்பற்றுதல் கடினமன்று. கடினமானது வேறொன்று. அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதென எளிதில் நம்பிவிடாதிருத்தலே அது. அதனை நாம் பட்டறிந்த வரலாற்றையும் உரிய இடத்திற் கூறுவோம்.

1. உந்தறிவித்தல் யாது?

செயலி ஒன்று தன் சேவையகத்தை நோக்கி, "புதிய செய்தி உண்டோ?" என ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வினவுவதாகக் கொள்வோம். ஒருநாளில் அது 288 முறை வினவும். அத்தகைய செயலிகள் பத்து ஒரு தொலைபேசியில் இருப்பின் வினாக்கள் 2,880 ஆகும். அவற்றுட் பெரும்பாலனவற்றுக்கு விடை "இல்லை" என்பதே. ஆயினும் ஒவ்வொரு வினாவின்போதும் தொலைபேசி விழித்தெழுகின்றது, பற்றரி கரைகின்றது, பணங் கொடுத்து வாங்கிய டேற்றாவுஞ் செலவாகின்றது. இத்துணையுஞ் செய்தும் செய்தி ஐந்து நிமிடம் வரை பிந்தி வருதல் கூடும்.

இதற்கு மாறாக, செய்தி தோன்றிய பொழுதே சேவையகம் முற்பட்டு அதனைத் தொலைபேசிக்கு உந்திவிடும் முறையை ஆங்கிலேயர் "புஷ் நோட்டிபிக்கேசன்" என்பர். நாம் அதனை உந்தறிவித்தல் என வழங்குவோம்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். தொலைபேசி ஓரிடத்தில் நிற்பதன்று. வீட்டிலே ஓர் இணைய முகவரியும், வீதியிலே வேறோர் இணைய முகவரியும் பெறுவது. அதனைச் சேவையகம் எவ்வாறு கண்டுபிடிக்கும்? கண்டுபிடிப்பதில்லை என்பதே விடை. தொலைபேசிதான் முன்னதாக ஒரு தொடுப்பை ஏற்படுத்தி, அதனை அறாது பேணிவருகின்றது. செயலிகள் ஒவ்வொன்றுந் தனித்தனியே தொடுப்புப் பேணின் பற்றரி தாங்காது. ஆதலின் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரேயொரு தொடுப்பை இயங்குதளம் பேணுகின்றது. ஐபோன்களில் அஃது அப்பிள் நிறுவனத்தின் சேவையகங்களுடனும், அன்ட்ரொயிட் தொலைபேசிகளிற் பெரும்பாலும் கூகிள் நிறுவனத்தின் சேவையகங்களுடனும் அமைந்த தொடுப்பாகும். விடுதி முழுவதற்கும் ஒரே சேவகர் இருந்தமை போன்றது இது.

2. சுருக்க வரலாறு

பிளக்பெரி தொலைபேசிகள் மின்னஞ்சலை இம்முறையில் உந்தித் தந்தமையால் 2000ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளிற் பெரும்புகழ் பெற்றன. எல்லாச் செயலிகளுக்கும் உரிய பொதுவழி ஒன்றை அப்பிள் நிறுவனம் 2008 யூன் மாதத்தில் அறிவித்து, 2009 யூன் மாதத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. கூகிள் நிறுவனம் 2010இல் ஒரு சேவையையும், 2012இல் அதற்குப் பதிலாக மற்றொன்றையும், 2016இல் "பயர்பேஸ் கிளவுட் மெசேஜிங்" என இன்று வழங்குஞ் சேவையையும் தொடங்கிற்று. 2012ஆம் ஆண்டுச் சேவை 2019இல் மூடப்பட்டது. பயர்பேஸ் சேவையிலும் பழைய அனுப்பும் முறை 2024இல் நிறுத்தப்பட்டுப் புதிய முறையொன்றே எஞ்சியது. ஆதலின், சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பாடத்தை அவ்வண்ணமே பின்பற்றும் மாணவன், பிழை யாதென்று அறியாமலே இடர்ப்படுவான். பாடத்தின் ஆண்டை முதலிற் பார்க்க வேண்டும்.

3. செய்தி செல்லும் வழி

இவ்வேலையிற் பங்குகொள்வோர் மூவர். செய்தியை ஆக்கும் நமது சேவையகம் முதலாவது; அதனை ஏற்றுக் கொண்டுசெல்லும் இடைநிலைச் சேவை இரண்டாவது; நமது செயலி நிறுவப்பட்ட தொலைபேசி மூன்றாவது.

இடைநிலைச் சேவை, தொலைபேசியின் இலக்கத்தையோ உரியவரின் பெயரையோ கொண்டு செய்தியைச் சேர்ப்பிப்பதில்லை. "ரோக்கன்" எனப்படும் ஒரு நீண்ட எழுத்துக்கோவையைக் கொண்டே சேர்ப்பிக்கின்றது. இதனை அடையாளச் சீட்டு என்போம். ஒரு தொலைபேசியில் நிறுவப்பட்ட ஒரு செயலிக்கு ஒரு சீட்டு. இச்சீட்டு மனிதருக்கு உரியதன்று என்பதை மாணவர் நன்கு மனங்கொள்க. மனிதர் தொலைபேசியை மாற்றுவர். சீட்டு அவரைத் தொடர்ந்து செல்லாது. செயலியை நீக்கி மீள நிறுவினாலும், அதன் தரவுகளை அழித்தாலும் புதிய சீட்டே பிறக்கும்.

4. அமைக்கும் படிகள்

அன்ட்ரொயிட் தொலைபேசிக்குரிய செயலியை உதாரணமாகக் கொள்வோம். "அன்ட்ரொயிட் ஸ்ரூடியோ" என்னும் மென்பொருளும் கொட்லின் மொழியும் போதுமானவை.

முதற்படி, பதிவு. செயலிக்கு வேறெச்செயலிக்கும் இல்லாத ஒரு பொதிப்பெயரை இட்டு, அப்பெயரை பயர்பேஸ் தளத்திற் பதிவுசெய்ய வேண்டும். தளம் ஓர் அமைவுக் கோப்பைத் தரும். அதனைச் செயலியின் கோப்புறையுள் இட்டு, செய்தி பெறுதற்குரிய பயர்பேஸ் நூலகத்தையும் சேர்த்துக்கொள்க. பொதிப்பெயரில் ஓரெழுத்து வேறுபடினும் கட்டமைப்புத் தடைப்படும்.

இரண்டாம் படி, சீட்டைப் பெறுதல். செயலி முதன்முதல் இயங்கும்போது நூலகத்திடம் சீட்டைக் கேட்டுப் பெற்று, நமது சேவையகத்துக்கு அனுப்ப வேண்டும். சீட்டு மாறும்போது நூலகம் "ஒன்-நியூ-ரோக்கன்" என்னுஞ் செயற்கூற்றை அழைக்கும். அதனுள்ளும் அனுப்பும் நிரலை எழுதுக. சீட்டோடு அது கிடைத்த திகதியையும் சேவையகத்திற் குறித்து வைத்தல் இன்றியமையாதது. காரணம் பின்னர் விளங்கும்.

மூன்றாம் படி, அனுமதி. 2022இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 13 முதலாக, அறிவித்தல் காட்டுதற்கு உரியவரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்க வேண்டும். ஐபோனில் இவ்வழக்கம் முன்னரே உண்டு. செயலியைத் திறந்த அக்கணமே காரணங் கூறாது அனுமதி கேட்போர் பலர். அவருக்கு மறுப்பே பரிசு. ஐபோனில் இவ்வினாவைச் செயலி ஒருமுறை மாத்திரமே எழுப்ப முடியும். அன்ட்ரொயிட்டில் இருமுறை மறுத்தார்க்கு வினா மீண்டுந் தோன்றாது. ஆதலின் எத்தகைய செய்தி, எதன்பொருட்டு வருமென்பதை இரண்டு வரியில் விளக்கிய பின்னரே கேட்க வேண்டும்.

நான்காம் படி, வகைப்பிரிவு. 2017இல் வந்த அன்ட்ரொயிட் 8 முதலாக ஒவ்வோர் அறிவித்தலும் "சனல்" எனப்படும் ஒரு பிரிவைச் சார்ந்திருத்தல் வேண்டும். அவசர வேண்டுகோளுக்கு ஒரு பிரிவும், கூட்ட அழைப்புக்கு ஒரு பிரிவும் வகுத்தால், உரியவர் ஒன்றை ஒலிக்கவிட்டு மற்றொன்றை அடக்கி வைத்தல் கூடும். பிரிவை ஆக்கும்போது இட்ட முக்கியத்துவத்தைப் பின்னர் உயர்த்துதல் செயலியால் இயலாது. அவ்வுரிமை தொலைபேசிக்கு உடையவருடையது. ஆதலால் முதலிலேயே நன்கு எண்ணி இடுக.

ஐந்தாம் படி, பெறுதல். செய்திகள் இருவகையின. தலைப்பும் வாசகமும் கொண்ட "அறிவித்தற் செய்தி" ஒன்று. பெயரும் பெறுமானமுமாக அமைந்த "தரவுச் செய்தி" மற்றொன்று. செயலி பின்னணியில் இருக்கும்போது அறிவித்தற் செய்தி வந்தால் இயங்குதளமே அதனை எடுத்துக் காட்டிவிடும். நமது நிரல் அழைக்கப்படாது. செயலி திறந்திருக்கும்போது வந்தாலோ, "ஒன்-மெசேஜ்-ரிசீவ்ட்" என்னும் நமது செயற்கூற்றுக்கு அஃது ஒப்படைக்கப்படும். காட்டுதல் நமது பொறுப்பு. தரவுச் செய்தி ஈரிடத்தும் நமது செயற்கூற்றையே நாடும். "திறந்திருந்தாற் செய்தி தோன்றவில்லை, மூடியிருந்தாற் தோன்றுகின்றது" எனப் புதியோர் பலர் மயங்குவது இவ்வேறுபாட்டை அறியாமையாலேயாம்.

ஆறாம் படி, அனுப்புதல். பயர்பேஸ் தளம் தரும் இரகசியத் திறப்பை நமது சேவையகத்தில் வைத்து, அதனைக் கொண்டு குறுகிய காலத்துக்குச் செல்லும் அனுமதிச் சீட்டு ஒன்றைப் பெற்று, அதனுடன் செய்தியை அனுப்ப வேண்டும். இத்திறப்பைச் செயலியினுள் ஒருபோதும் வைத்தலாகாது. செயலியைப் பிரித்துப் பார்க்க வல்லவன் திறப்பை எடுத்து, நமது பெயரால் எல்லார்க்கும் எதனையும் அனுப்பிவிடுவான்.

செய்தியின் சுமைக்கும் எல்லை உண்டு. பயர்பேஸ், அப்பிள் ஆகிய இரு சேவைகளிலும் அது பொதுவாக 4,096 பைற். தமிழில் எழுதுவோர் இவ்விடத்து விழிப்பாயிருக்க வேண்டும். கணினியின் யூ.ரி.எப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்று 1 பைற் கொள்ளும். தமிழ்க் குறியீடொன்று 3 பைற் கொள்ளும். "கல்லூரி" என்னுஞ் சொல், புள்ளியும் உயிர்க்குறிகளும் உட்பட 7 குறியீடுகளால் ஆனது. ஆகவே 21 பைற். அதே பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் 7 எழுத்துக்களை உடையதே. ஆனால் 7 பைற்றே கொள்ளும். ஆதலின் நீண்ட வாசகத்தைச் சேவையகத்திலே வைத்து, செய்தியில் அதன் இலக்கத்தை மாத்திரம் அனுப்புதல் நன்று.

ஐபோனுக்கும் இதே பயர்பேஸ் வழியாக அனுப்பலாம். ஆயினும் செய்தி அப்பிளின் சேவையைக் கடந்தே செல்லும். அப்பிள் தரும் திறப்பு ஒன்றும், ஆண்டுக்கு 99 டொலர் செலுத்தும் அங்கத்துவமும் வேண்டும்.

5. ஓர் இரவில் நிகழ்ந்தது

பழைய மாணவர் சிலர் சேர்ந்து, 2021ஆம் ஆண்டில், இரத்ததானஞ் செய்வோர்க்கென ஒரு சிறு செயலியை அமைத்தோம். வேண்டுகோள் வந்தால், அவ்வினத்து இரத்தம் உடையோர் யாவருக்கும் அறிவித்தல் செல்லும். பலமுறை சோதித்தோம்; ஒருமுறையும் தவறவில்லை.

ஓர் இரவு பத்து மணியளவில் ஓ நெகற்றிவ் இரத்தம் வேண்டுமென ஒருவர் அறிவித்தார். எமது பட்டியலில் அவ்வினத்தோர் ஒன்பதின்மர். அறிவித்தலை அனுப்பினோம். ஒன்பதும் ஏற்கப்பட்டன எனத் திரை கூறிற்று. நாம் கடமை முடிந்ததென எண்ணி உறங்கச் சென்றோம். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு அம்மனிதர் மீண்டும் அழைத்தார். ஒருவரும் வரவில்லை.

அவ்வேளையிலே எம்முள் ஒருவர் பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்து, இலக்கங்களை ஒவ்வொன்றாய்ச் சுழற்றலானார். நான்காவதாகப் பேசியவர் வைத்தியசாலைக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்பவர். "எனக்கு ஒன்றும் வரவில்லையே, அண்ணை" என்றார். சேட்டை மாட்டிக்கொண்டே புறப்பட்டார். நோயாளி பிழைத்தார். எமக்கோ அந்த இரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஒன்பதின்மரையும் விசாரித்தோம். மூவர் தொலைபேசியை மாற்றியிருந்தனர். எமது செய்தி மேசை லாச்சியுள் அணைந்து கிடந்த பழைய தொலைபேசிகளுக்கு முகவரியிடப்பட்டிருந்தது. ஒருவர் அறிவித்தல்களை முற்றாக நிறுத்தி வைத்திருந்தார். நால்வரின் தொலைபேசிகள் மேசைமேல் அசையாது கிடந்து ஆழ்ந்த உறக்கநிலையை அடைந்திருந்தன. செய்தி அவற்றுக்கு விடியற்காலையிலேயே வந்தது. எஞ்சிய ஒருவர் செய்தியைக் கண்டார். எட்டுப்பேர் செல்வாரே என எண்ணித் தாம் செல்லவில்லை.

6. தவறும் இடங்களும் பரிகாரங்களும்

"ஏற்கப்பட்டது" என்னும் விடை, இடைநிலைச் சேவை செய்தியைக் கையேற்றது என்று மாத்திரமே பொருள்படும். தபாற்பெட்டியில் இட்ட கடிதம் தபாற்கந்தோரைச் சேர்ந்தது போல்வது அது. உரியவர் உறையைப் பிரித்தார் என்பதற்கு அது சான்றாகாது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு எமது செயலியிற் பின்வருந் திருத்தங்களைச் செய்தோம்.

முதலாவது, சீட்டைப் புதுக்குதல். செயலி திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும் சீட்டு மீள அனுப்பப்பட்டுத் திகதி புதுக்கப்படும். ஒரு மாதமாகப் புதுக்கப்படாத சீட்டை ஐயத்துக்குரியதெனக் குறித்து, அவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்போம். சீட்டு வழக்கிறந்ததெனச் சேவையே அறிவிக்குமாயின் அதனை உடனே நீக்கிவிடுவோம். 270 நாள் தொடுப்பின்றிக் கிடந்த அன்ட்ரொயிட் சீட்டை பயர்பேஸ் தானே காலாவதியாக்கும். அதுவரை அது வாய்திறவாது செய்தியை ஏற்றுக்கொண்டேயிருக்கும்.

இரண்டாவது, முதன்மை. செய்தியின் முதன்மை "சாதாரணம்", "உயர்வு" என இருவகை. 2015இல் அன்ட்ரொயிட் 6 புகுத்திய உறக்கநிலையிலே, சாதாரணச் செய்தி தொலைபேசி இடையிடையே விழிக்கும்வரை காத்திருக்கும். உயர்முதன்மைச் செய்தி அதனை எழுப்பும். இதனை அவசரத்துக்கு மாத்திரமே வழங்க வேண்டும். உயர்முதன்மையுடன் அனுப்பியும் உரியவருக்கு எதனையுங் காட்டாத செயலிகளின் செய்தியைச் சேவை தானே சாதாரண நிலைக்கு இறக்கிவிடுதல் உண்டு.

மூன்றாவது, ஆயுட்காலம். நாம் கால எல்லை குறியாவிடின், அணைந்திருக்கும் தொலைபேசிக்குரிய செய்தியை பயர்பேஸ் நான்கு வாரம் வரை வைத்திருக்கும். முடிந்துபோன வேண்டுகோள் மூன்று வாரங் கழிந்து வந்து ஒருவரை நள்ளிரவில் வைத்தியசாலைக்கு ஓடச் செய்தலாகாது. ஆதலின் இரத்த வேண்டுகோளுக்கு இரண்டு மணி நேரமென ஆயுள் விதித்தோம்.

நான்காவது, பதில். இதுவே தலையாயது. வேண்டுகோளைத் தரவுச் செய்தியாக அனுப்பி, செயலி அதனைப் பெற்றவுடன் "பெற்றேன்" எனவும், உரியவர் பொத்தானை அழுத்தியபோது "வருகின்றேன்" அல்லது "இயலாது" எனவும் எமது சேவையகத்துக்கு அறிவிக்கச் செய்தோம். பத்து நிமிடத்துள் பதில் வராதோரின் பெயரும் இலக்கமும் அன்றைய பொறுப்பாளரின் திரையிலே தோன்றும். அவர் தொலைபேசியில் அழைப்பார். "எட்டுப்பேர் செல்வாரே" என எண்ணியவரின் மயக்கத்துக்கும் இதுவே மருந்தாயிற்று. எத்தனைபேர் வருகின்றனர் என்பது இப்போது எல்லார்க்குந் தெரியும்.

நமது நிரலால் நீக்கவியலாத தடைகளும் உள. அன்ட்ரொயிட்டில் உரியவர் செயலியை வலிந்து நிறுத்தினால், அவரே மீளத் திறக்கும்வரை செய்தி வராது. கூகிள் சேவைகள் இல்லாத தொலைபேசிகளில், 2019இன் பின் வந்த ஹுவாவே தொலைபேசிகள் பல போன்றவற்றில், பயர்பேஸ் வழி பயன்படாது. பொதுத் தொடுப்புக்கு அன்ட்ரொயிட் பெரும்பாலும் 5228ஆம் வாயிலையும், அப்பிள் 5223ஆம் வாயிலையும் நாடும். அலுவலக வலையமைப்பு அவற்றை அடைத்திருப்பின் செய்தி தடைப்படலாம். ஆதலினாற்றான், பேரிடர் எச்சரிக்கைக்கு இவ்வழியை மாத்திரம் நம்புதல் தகாது. யப்பானில் 2007 முதலும் அமெரிக்காவில் 2012 முதலும் அப்பணிக்கு, கோபுரத்தைச் சுற்றியுள்ள கைத்தொலைபேசிகள் யாவற்றுக்கும் ஒருசேர ஒலிபரப்பும் வேறு முறை பயன்படுகின்றது. அதற்குச் சீட்டும் வேண்டா; இணையமும் வேண்டா.

7. தட்டும் உரிமை

அறிவித்தல் அனுப்பும் அனுமதி, பிறர் வீட்டுக் கதவை எந்நேரமுந் தட்டும் உரிமையை ஒத்தது. அதனைப் பெற்றவன் அடக்கமாய் வழங்க வேண்டும். வாழ்த்தும் விளம்பரமும் அனுப்பி அலுப்பூட்டினால், உரியவர் அறிவித்தலை நிறுத்திவிடுவார். பின்னர் உயிர்காக்குஞ் செய்தியும் அவரை அடையாது. எமது பட்டியலில் அறிவித்தலை நிறுத்தியிருந்தவர் அவ்வாறே செய்தவர். கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் நாமே ஓயாது அனுப்பியமையால் அவர் சலித்துப் போயிருந்தார். பிழை எம்முடையது.

இரகசியமும் பேணல் வேண்டும். அறிவித்தல் பூட்டிய திரையிலுந் தோன்றும்; அருகிலிருப்போரும் வாசிப்பர். மேலும், அது பிறர் சேவையகத்தைக் கடந்தே செல்கின்றது. அரசாங்கங்கள் இவ்வறிவித்தற் பதிவுகளை அப்பிள், கூகிள் நிறுவனங்களிடங் கேட்டுப் பெறுதல் உண்டென்பதை, அமெரிக்கச் செனற்றர் றொன் வைடன் 2023 டிசம்பரில் எழுதிய கடிதம் வெளிப்படுத்திற்று. ஆதலின் நோயாளியின் பெயரையோ நோயையோ அறிவித்தலில் இடுவதை நிறுத்தினோம். "வேண்டுகோள் ஒன்று உண்டு, செயலியைத் திறந்து பார்க்க" என்பதே போதும்.

மாணவ நண்பர்களே, இப்படிகளைப் பின்பற்றின் ஒரு வார விடுமுறையிலே இத்தகைய செயலியை அமைத்துவிடுவீர்கள். முதற் செய்தி உங்கள் தொலைபேசியில் ஒலிக்கும்போது பெருமகிழ்ச்சி உண்டாகும். அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடாது, தொலைபேசியை அணைத்துப் பாருங்கள். ஓரிரவு மேசையில் அசையாது வைத்துப் பாருங்கள். செயலியை நீக்கி மீள நிறுவிப் பாருங்கள். டேற்றா இல்லாத இடத்துக்குக் கொண்டுசென்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் செய்திக்கு நேர்ந்தது யாதெனக் குறித்து வையுங்கள்.

எமது செயலி இன்றும் இயங்குகின்றது. அந்தப் பழைய பதிவுப் புத்தகத்தையும் நாம் கைவிடவில்லை. ஆண்டுதோறும் தை மாதத்தில் இலக்கங்களைச் சரிபார்த்துப் புதுக்கி, பொறுப்பாளரின் மேசையிலே வைக்கின்றோம்.